ஓனோ சான் செத்த வீடு

1

போன வாரம் எங்கள் வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. ஜப்பானியர்கள் கடிதம் எழுதினால் முதல் பத்தி முழுக்க வானிலைதான். மழைக்காலம் தொடங்கிவிட்டது, இலைகள் பச்சை பிடித்துவிட்டன, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். கழுத்தை அறுப்பது இரண்டாவது பத்தியில். அதைப் படித்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஒரே ஆள்தான். மகள் ரோஷினி, வயது ஒன்பது.

"அம்மா, வாடகை ஏறுது."

"எதுக்காம்?"

"வீடு சரியாயிடுச்சாம்."

குழாய் மாற்றவில்லை, சுவருக்குப் பெயின்ட் அடிக்கவில்லை, எதுவும் ரிப்பேர் ஆகவில்லை. வீடு எப்படிச் சரியாகும்? கடிதத்தை முழுசாகப் படித்த பிறகு புரிந்தது. இந்த வீட்டில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் உள்ளேயே செத்துப்போனார். அதனால்தான் இந்த ஊரில் எவனும் தொடாத வீடு எங்களுக்குப் பாதி வாடகைக்குக் கிடைத்தது. இப்போது ஒரு குடும்பம் இரண்டு வருஷம் இதில் குடியிருந்து, யாரும் அலறிக்கொண்டு ஓடாமல், கிழமை பார்த்துக் குப்பை போட்டு வாழ்ந்துவிட்டதால் வீட்டின் தோஷம் கழிந்துவிட்டதாம். இனிமேல் முழு வாடகை. நாங்கள் நல்லபடியாக வாழ்ந்ததற்கு அபராதம்.

"பேசாம நாலு தடவ அலறியிருக்கலாம்" என்றான் பாபு. பாபு என் புருஷன்.

கும்மிடிப்பூண்டியில் "சுகுணா ஜப்பான்ல செட்டில் ஆயிட்டா" என்று சொல்லிக்கொள்கிறார்களாம். எந்த லட்சணத்தில் செட்டில் ஆனேன் என்று எழுதிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையும் கிளம்பக்கூடும்.

2

எங்கள் நைனாவின் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும்தான் எங்களுக்குப் பிழைப்பு. நைனா இரும்பு ரோலிங் மில்லுக்குப் போனார். நான் சிப்காட்டில் கார் பாகம் செய்யும் கம்பெனியில், ஏசி ரூமில் உட்கார்ந்து, மைக்ரோமீட்டர் பிடித்தேன். அங்கிருந்து கம்பெனியே என்னை ஒசாகா தொழிற்சாலைக்கு அனுப்பியது. முதல் எட்டு மாதம் கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டல். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஆண் வாடையே ஆகாது. குழந்தையும் கூடாது.

பாபுவுக்கும் ரோஷினிக்கும் விசா வந்தது. கம்பெனி குடும்ப வீடு தருவதாகச் சொல்லியிருந்தது. பாபு கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், வேலையை விட்டான். வாடகை வீட்டைக் காலி செய்தான். ஃப்ரிட்ஜைத் தங்கச்சிக்குக் கொடுத்தான். டிக்கெட் எடுத்தாயிற்று. அவர்கள் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஆபீஸ்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, இடுப்பு வரை குனிந்து, அந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றார். கம்பெனி மனதார வருந்துகிறதாம். வீட்டை நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

வீடு இல்லையென்றால் விலாசம் இல்லை. விலாசம் இல்லையென்றால் வட்ட அலுவலகத்தில் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரிக் காப்பீடு இல்லை. கட்டையை அடியில் உருவினால் சரியும் அடுக்கு மாதிரி.

நானே தேடத் தொடங்கி முதல் வீடு கைவிட்டுப் போன அன்று என் சூப்பர்வைசரிடம் போய், வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு முட்டைத் துண்டை எடுத்து எனக்கு வைத்தார். மறுநாள் இரண்டாவது வீட்டுக்காரரும் மாட்டேன் என்றார், அதையும் சொன்னேன். முழு முட்டை வந்தது. என்னடா இது பாசம் என்று பார்த்தால், ஜப்பானிய மொழியில் 'ஒயா' என்றால் பெற்றோர், 'ஓயா' என்றால் வீட்டுக்காரர். நான் குறிலையும் நெடிலையும் மாற்றிவிட்டேன். "என்னைப் பெத்தவங்களே என்னை வேணாம்னுட்டாங்க" என்று தினமும் சொல்லியிருக்கிறேன். அஞ்சாங்கிளாஸில் தமிழ் டீச்சர் ஸ்கேலால் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த குறில் நெடில். ஒசாகாவில் வந்து கோட்டை விட்டேன்.

3

வீட்டுத் தரகர் பெயர் மோரி. நம்ம பக்கம் மோரி என்றால் சாக்கடை. அதற்கு அவர் என்ன செய்வார்? ஜப்பானிய மொழியில் அதற்குக் காடு என்று அர்த்தமாம். பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு 'சான்' சேர்க்க வேண்டும். மோரி சான். முப்பது வயசு, எண்ணெய் தடவிய தலை, அவருடைய சட்டையில் ஒரு சுருக்கம் நான் பார்த்ததில்லை.

அவர் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் என் முன்னாலேயே போன் போட்டார். போனைப் பார்த்தும் குனிவார். "ஆமாம், வெளிநாட்டவர். ஆமாம், இந்தியர். குழந்தை ஒன்று. புரிகிறது, புரிகிறது." பிறகு போனை வைத்துவிட்டு இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி வைப்பார். நான் எண்ணிப் பார்த்தேன், பதினொரு பெருக்கல் குறி. ஒரு வீட்டுக்காரர் மட்டும் கேள்வி கேட்கும் அளவுக்கு வந்தார். சமையல் வாசனை வெளியே வருமா? பார்ட்டி வைப்பீர்களா? எனக்குத் தெரிந்ததெல்லாம் எலக்ஷன் பார்ட்டிதான் என்று சொல்ல நினைத்தேன். அதற்கு ஜப்பானிய மொழி போதவில்லை.

இதையெல்லாம் எழுதினால் "பாத்தியா, வெளிநாட்டுல எவ்ளோ பாகுபாடு" என்பீர்கள். இருங்கள். கல்யாணமான புதுசில் நானும் பாபுவும் திருவள்ளூரில் வீடு தேடினோம். அங்கே யாரும் வேண்டாம் என்று நேராகச் சொல்லவில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பேட்டி எடுத்தார்கள். ஒரு வீட்டுக்காரர், நெற்றி நிறைய விபூதி, ரொம்பப் பாசமாகப் பேசினார்.

"தம்பிக்குச் சொந்த ஊரு?"

"கடம்பத்தூர் சார்."

"அட, நம்ம ஊரு பக்கம்தான். கடம்பத்தூர்ல எங்க?"

"ஸ்டேஷன்கிட்ட சார்."

"ஸ்டேஷன்கிட்டன்னா, லைனுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

பாபு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ரயிலு எந்தப் பக்கம் வருதோ அதுக்கு எதிர்ப்பக்கம் சார்" என்றான். வீட்டுக்காரருக்கு விடை கிடைத்துவிட்டது. ஊரிலிருந்து மச்சான் குடும்பம் வருகிறது, வீடு அவர்களுக்குத்தான் என்றார். அந்த டு-லெட் போர்டு அதற்கப்புறம் நாலு மாசம் தொங்கியது. மச்சான் நடந்தே வந்தான் போலிருக்கிறது.

அதனால் மோரி சானின் பெருக்கல் குறி எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. நேரம் மிச்சம்.

4

இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது மோரி சான் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வீடு இருக்கிறது என்றார். இரண்டு அறை, சமையலறை, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வெளிநாட்டவர் என்றாலும் பரவாயில்லை. வாடகையைச் சொன்னார். ஒரு சைபர் விட்டுப்போயிற்றோ என்று இரண்டாம் முறை கேட்டேன்.

"ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்" என்று என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து அதனிடம் சொன்னார். அது தமிழில், பஸ் ஸ்டாண்ட் அறிவிப்புக் குரலில், "முந்தைய மனிதர் உட்புறத்தில் நிறைவடைந்தார்" என்றது.

"ஒப்பந்தமா?" என்று கேட்டேன். மோரி சான் தலையாட்டி மறுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, நாக்கை லேசாக வெளியே விட்டார்.

செத்தவர் பெயர் ஓனோ. எழுபத்தொன்பது வயசு, பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். தனியாள். நெஞ்சு வலி. ஒன்பது நாள் கழித்துத்தான் கதவைத் திறந்திருக்கிறார்கள். பாய், சுவர்க் காகிதம் எல்லாம் புதுசாக மாற்றியாயிற்று. ஒரு வருஷமாக யாரும் வரவில்லை.

மதிய இடைவேளையில் நைனாவுக்குப் போன் போட்டேன்.

"நைனா, ஒரு ஊடு கெடச்சிருக்கு. ஆனா உள்ள ஒருத்தரு செத்துட்டாராம்."

"இன்னும் உள்ளதான் கீறாரா?"

"இல்ல நைனா. போன வருசம்."

"அப்புறம் இன்னா? மனுசன் ஊட்ல சாவாம பஸ் ஸ்டாண்ட்லயா சாவான்? எங்கப்பன் செத்த எடத்துலதான் நம்ம பீரோ கீது. அது முன்னாடி நின்னு தல சீவிக்கினுதானே நீ ஸ்கூலுக்குப் போன?"

"ஒம்போது நாளு யாருமே பாக்கலியாம்."

நைனாவின் குரல் ஏறியது.

"ஒம்போது நாளா? பால் போடறவன் இல்லியா? சீட்டுக் கட்டச் சொல்லி வர்றவன் இல்லியா? ஒருத்தனுமா?"

"ஒருத்தனும் இல்ல."

"த்தூ" என்றார். யாரை என்று சொல்லவில்லை. பிறகு, "நீ எடுத்துக்க பாப்பா. பேயாவே வந்தாலும் அதுக்குத் தமிழ் தெரியாது, ஒனக்கு அது பாஷை தெரியாது. சண்டையே வராது. இன்னா பேஜாரு?"

உண்மையைச் சொன்னால் எனக்குப் பேய் பயம் இல்லை. அந்த ஒன்பது நாள்தான் பயம். நான் ஒரு நாள் ஷிஃப்டுக்குப் போகாவிட்டால் கால் மணியில் போன் வரும், அரை மணியில் ஆள் வரும். பாசத்தினால் அல்ல, மெஷின் நிற்குமே. ஓனோ சானுக்கு ஷிஃப்ட் இல்லை. இந்த ஊரில் வேலையிலிருந்து நின்றுவிட்டால் நீ இருக்கிறாயா என்று பார்க்கக் காரணம் உள்ளவன் எவன் என்று யோசித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

5

எங்கம்மா சும்மா இருப்பாளா? பெரியபாளையம் போய் பவானி அம்மனுக்குப் பொங்கல் வைத்து, குங்குமமும் ஒரு கட்டு வேப்பிலையும் வாங்கி பாபுவின் பெட்டியில் துணிக்கு நடுவில் திணித்துவிட்டாள். ஒசாகா விமான நிலையத்தில் இலை தழை கொண்டுவரக் கூடாது. அதிகாரி ஒருவர் கையுறை மாட்டி அந்தக் கட்டைத் தூக்கி, இது எதற்கு என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். பாபுவுக்குப் பொய் வராது. "ஃபார் கோஸ்ட் சார்" என்றிருக்கிறான். அவர் சிரிக்கவில்லை. ஒரு படிவம் எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் என்னவோ நிதானமாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டார். அம்மனுக்கு விசா கிடைக்கவில்லை.

அப்படியாகப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் குடி புகுந்தோம். ரோஷினியிடம் மறைக்க நினைத்தோம். இரண்டு மாசத்தில் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. அந்த வருஷக் கடைசியில் வகுப்பு டீச்சர் எனக்குப் போன் செய்து, உங்கள் படிவத்தில் மூன்று பேர் என்றிருக்கிறதே, வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கவலையாக விசாரித்தார். பிள்ளை 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், ஓனோ சான். ஓனோ சான் அமைதியானவர். அப்பாதான் சத்தம் போடுவார்.

அவள் இப்போது பேசுவது சுத்தமான ஒசாகா பாஷை. நான் பேசினால் "அம்மா, நீ ஸ்டேஷன்ல டிக்கெட் மெஷின் பேசற மாதிரி பேசற" என்கிறாள். நைனாவிடம் வீடியோவில் "தாத்தா, கொஞ்சம் மெதுவா பேசுங்க, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு" என்றாள். நைனா கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டு குரலைத் தணித்தார்.

அந்தப் பக்கத்து வீடு ஹமாதா சானுடையது. எழுபது தாண்டிய அம்மா, அவரும் தனியாள்தான். ஒரு வருஷம் வரை எங்களைப் பார்த்தால் குனிவார், ஆனால் எங்கள் கதவைப் பார்க்கமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைத் தாண்டிப் போவார். எங்களைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். ஒரு நாள் ரோஷினி சாவியை மறந்துவிட்டு வெளியே நின்றபோது அவர் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். பிள்ளை நேராகவே கேட்டுவிட்டது: "ஏன் எங்க கதவைப் பார்க்க மாட்டேங்கறீங்க?"

அன்று சாப்பிடும்போது ரோஷினி பாதித் தமிழில் சொன்னாள். "ஓனோ சான் வீட்டுல டிவி ஓடிக்கிட்டே இருந்துச்சாம். ஒன்பது நாளும். ஹமாதா சானுக்குச் சுவர் வழியா கேட்டுச்சாம். டிவி ஓடுது, அதனால அவர் இருக்கார்னு நினைச்சாங்களாம். ஒரு நாள் சத்தம் ஜாஸ்தின்னு சுவரைத் தட்டினாங்களாம்."

பாபு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து குப்பை போடப் போகும்போதெல்லாம் ஹமாதா சான் கதவைத் தட்ட ஆரம்பித்தான். அவனுக்கு ஜப்பானிய மொழி வராது, சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் பார்ட் டைம் வேலையில் கற்ற இருபது வார்த்தைதான். அதனால் தமிழிலேயே, "ஹமாதா சான்! கீறீங்களா?" பத்து நாளில், கட்டடத்தையும் பார்த்துக்கொள்ளும் மோரி சானிடமிருந்து அறிவிப்பு வந்தது. முதல் பத்தி பனிக்காலம். இரண்டாவது பத்தியில், அவசியமின்றிக் கதவைத் தட்டுவதைத் தயவுசெய்து தவிர்க்கவும். "புகார் குடுக்கறதுக்கு உயிரோட இருக்கணுமே, நல்லதுதானே?" என்று பாபு தொடர்ந்து தட்டினான். ஒரு வாரம் கழித்து, அவன் படியிறங்கும் நேரத்துக்கு ஹமாதா சானே குப்பைப் பையோடு வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார். தட்ட வேண்டிய அவசியமில்லை என்று காட்டத்தான். குனிவார், போய்விடுவார். எங்கள் வீட்டுப் பக்கம் அப்போதும் திரும்பவில்லை.

6

கடிதம் வந்ததற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோரி சான் கையெழுத்து வாங்க வந்தார். முழு வாடகை என்றால் எங்களால் முடியாது. இதே வாடகையில் வேறு வீடு வேண்டுமென்றால் ஊரின் மறு கோடிக்குப் போக வேண்டும். ரோஷினிக்கு மறுபடியும் புதுப் பள்ளிக்கூடம், மறுபடியும் பெருக்கல் குறிகள்.

பாபு திட்டம் வைத்திருந்தான். "ரோஷி, ஓனோ சான் இன்னும் வராருன்னு சொல்லு. வீடு சரியாவலன்னு சொல்லு."

"மாட்டேன்."

"ஏன்டா கண்ணு?"

"அது பொய். அவர் நம்மள என்ன பண்ணார்? அவரைப் போய் ஏன் பேய்னு சொல்லணும்?"

நடைபாதையில் மோரி சான் பேனாவோடு காத்திருந்தார். வேறு வழியில்லாமல் பாபுவே இறங்கினான். "ஓனோ சான், மைனிச்சி..." என்றான். மைனிச்சி என்றால் தினமும். அதற்கு மேல் வார்த்தை இல்லாததால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லொக் லொக் என்று இருமிக் காட்டினான். மோரி சான் பாபுவிடம் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலாம் போலிருந்தது.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. ஹமாதா சான் வெளியே வந்து, மோரி சானுக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு பேசினார். நிதானமாக, டீச்சர் மாதிரி. ரோஷினி கண்ணை அகல விரித்து எனக்குக் கிசுகிசுத்தாள்.

"அந்த வீட்டுலேருந்து இருமல் கேக்குதுன்னு சொல்றாங்கம்மா. ஓனோ சான் இருமல்தானாம். இருபது வருஷம் சுவருக்கு இந்தப் பக்கத்துலேருந்து கேட்டவங்களாம், அவங்களுக்குத் தெரியாதான்னு கேக்கறாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமான்னு கேக்கறாங்க."

மோரி சானின் முகம் வெளுத்தது. எழுதிக் கொடுத்தால் அடுத்து வருகிறவனிடமும் அதைச் சொல்லியாக வேண்டும். படிக்கட்டுப் பக்கம் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஏழெட்டு முறை குனிந்தார். திரும்பி வந்து, பழைய வாடகைக்கே இன்னும் இரண்டு வருஷம் என்று தாளைத் திருத்தினார். எங்கள் கதவைப் பார்த்து ஒரு முறை கை கூப்பிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

அவர் காலடிச் சத்தம் கீழே தேயும் வரை ஹமாதா சான் அப்படியே நின்றார். பிறகு ரோஷினியிடம் என்னவோ சொன்னார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "ஓனோ சான் பயங்கரக் கஞ்சனாம். வாடகை ஏறுதுன்னு தெரிஞ்சா நிஜமாவே எழுந்து வந்திருப்பாராம்."

பாபு சுவரில் சாய்ந்து சிரித்தான். ஹமாதா சான் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். ரோஷினி அவர் கையைப் பிடித்து, உள்ளே வாருங்கள் என்று இழுத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா எங்கள் கதவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி, வெளியே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

ஓனோ சான் கிடந்த இடத்தில் இப்போது ரோஷினியின் படிப்பு மேஜை இருக்கிறது. யாரும் காட்டாமலே அவர் நேராக அங்கே போனார். அது சுவரை ஒட்டிய மூலை, அந்தப் பக்கம் அவர் வீடு. மண்டியிட்டு உட்கார்ந்தார். விழப்போன பென்சில் ஒன்றை எடுத்து உள்ளே தள்ளி வைத்தார். தலை குனிந்து இரண்டே வார்த்தை சொன்னார். "ஒசொகு நரிமஷித."

மொழிபெயர்க்க ரோஷினி என் பக்கம் திரும்பினாள். வேண்டாம் என்று கை காட்டினேன். அது எனக்குத் தெரியும். யாரையாவது காக்க வைத்துவிட்டு வந்தால் வாசலிலேயே சொல்கிற வார்த்தை. வர நேரமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

பாபு சமையலறைக்குப் போய் டீ போட்டான். நம்ம ஊர் டீ, பால் விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு. ஹமாதா சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்றார். கப்பைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.